ஆற்றங்கரை மண்டபத்தில் எழுதப் போனேன்

எம்.ஏ. படித்தபோது ஆய்வேடு எழுத அமைதியான இடம் தேடி அலைந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டில் அக்கா பிள்ளைகள் போடும் சத்தத்தில் ஒரு பத்திகூட எழுத முடியாது. ஆற்றங்கரையில், வாழைத்தோட்டத்தை ஒட்டி, ஆள் வராத கல் மண்டபம் ஒன்று கிடைத்தது. மத்தியான நேரங்களில் அங்கே போய் எழுதினேன்.

ஒருநாள் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து என் முன்னால் தடுக்கி விழுந்தார். பின்னாலேயே அரிவாளோடு இரண்டு பேர்.

"ஏட்டி, எந்திச்சு ஓடிரு. ஒனக்கும் சேத்து விழும்" என்றான் ஒருவன்.

ஓடத்தான் நினைத்தேன். விழுந்தவர் என் காலைக் கட்டிக்கொண்டார். "தாயி, விட்டுட்டுப் போயிராத" என்று அவர் சொல்லும்போதே தோளில் வெட்டு இறங்கியது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன், கத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த வெட்டு தூணில் பட்டுப் பொறி பறந்தது.

அன்று தற்செயலாகத் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, யாருலே அங்கன?" என்று அவர்கள் கும்பலாக ஓடிவர, இருவரும் ஆற்றில் இறங்கித் தப்பினார்கள். என் துப்பட்டாவால் அவர் தோளை இறுக்கிக் கட்டினேன். ஏதோ வரப்புத் தகராறாம். உயிர் பிழைத்தார், ஆனால் அந்தக் கையைத் தூக்க முடியாது.

மிச்சத்தைக் கடைத்தெரு நூலகத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்து எழுதி முடித்தேன். இப்போதும் எங்கே எழுத உட்கார்ந்தாலும், நான் கத்தினால் யாருக்காவது கேட்குமா என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.