பட்டாளத்துத் துரைக்கு ஆலாத்தி

இன்று மலாக்கா பஸ்ஸில் எங்கள் தோட்டத்துக் கங்காணி பேப்பரை உரக்கப் படித்தார். போன மாதம் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில், படைக்கு முன்னால் நின்று வழிநடத்தியதற்காகப் பட்டாளத்துத் துரைக்கு மெடலாம்.

பின் சீட்டிலிருந்து அஞ்சலை சொன்னாள்: "முன்னால போனது எங்க வீட்டுக்காரருங்க. வழி காட்டச் சொல்லித் தொரைதான் இழுத்துட்டுப் போனாரு. மொத குண்டு அவருக்குத்தான்."



கங்காணி பேப்பரை மடித்தார். "சரி லா, பழசப் பேசாத. நாளைக்குத் தொரை தோட்டத்துக்கு வராரு, பொம்பளைங்க ஆலாத்தி எடுக்கணும். நீ மட்டும் எதிர்ல வந்துடாத. தாலியறுத்தவ எதிர்ல வந்தா தொரைக்கு ஆகாது."

ஆகவே, தோட்டத்துப் பெண்களில் புருஷன் உயிரோடு இருப்பவர்கள் ஆலாத்திக்குப் பெயர் கொடுக்கலாம். துரை மறுபடி காட்டுக்குக் கிளம்புவதற்குள் கொடுத்துவிடுங்கள்.