பிடிக்கட்டையில் ஒரு பள்ளம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் சேதுபதி வேலை பார்க்கும் மரக்கடையில் பள்ளம் என்றால் பழுது. பழுது என்றால் பட்டிப் பசை வைத்து நிரவ வேண்டும். கதவோ கட்டிலோ, அவன் விரல் ஒருமுறை தடவிப் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

அப்படித்தான் அந்தப் பழைய கைத்துப்பாக்கியின் பிடிக்கட்டைகளையும் தடவினான். வலப்பக்கக் கட்டையில் ஒரு பள்ளம். இதைப் பார்த்துச் செய்யும் நகலிலும் அது வந்துவிடுமே என்று பட்டி வைத்து நிரவினான்.

கொண்டுவந்தவர் ஹானி என்ற அரபி. துப்பாக்கி இறந்துபோன தகப்பனாருடையது; லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. கட்டைகள் பிற்பாடு யாரோ மாற்றியவை, கம்பெனி முத்திரை இல்லை. இதே அளவில் புதிதாகச் செய்துவிட்டு இவற்றைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார்.

மறுநாள் அவரோடு அவருடைய தாய் உம்மு ஹானியும் வந்தார். அவர் அரபியில் சொன்னதைக் கல்லாவில் இருந்த கௌஸ் முகைதீன் தமிழில் சொன்னார்.

"மாப்ள, இது அவுக வீட்டுக்காரரு கையால செஞ்சதாம். அவரே சொன்னாராம். மகன் நம்பலை, அத்தா பெருமைக்குச் சொல்லிருப்பாருங்கிறாரு. பார்த்துச் சொல்லு. அவரு செஞ்சதுன்னா தூக்கிப்போட விடமாட்டாக."

சேதுபதி கட்டைகளைத் திருப்பினான். உள்பக்கம் உளித் தடங்கள். ஓரத்தில் இரும்பாணி இருந்த இடம் கறுத்துக் கிடந்தது.

"பழைய தேக்கு, மாமா. வேற எதுலயோ இருந்த மரம்."

"அஜ்மான்ல படகு பழுது பார்த்தவராம் அவரு."

"படகு மரமா இருக்கலாம். செஞ்ச ஆளு யாருன்னு மரம் சொல்லாதே."

அதைக் கேட்டதும் ஹானி தாயைப் பார்த்தார். தாயோ வலப்பக்கக் கட்டையைக் கட்டைவிரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டார்.

"இங்கன ஒரு குழி இருந்துச்சாமே, எங்க?"

சேதுபதி பட்டி டப்பாவைக் காட்டினான். "பட்டி வச்சுட்டேன், மாமா."

"ஒன்னைய விட்டா கடலையும் நிரவிருவ."

ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டினான். மரத்தில் கீறல் விழாமல் வரவேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டான். குழி மெல்லத் திறந்தது. தேய்ந்து விழுந்ததல்ல, உளியால் குடைந்தது. வலது கையில் பிடித்துக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை.

"மாமா, வலது கையில பிடிச்சா கட்டைவிரல் இந்தப் பக்கம் வராதே."

கௌஸ் சொல்லி முடிப்பதற்குள் உம்மு ஹானி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"இடது கைக்காரராம், மாப்ள. சாப்பிடுறப்ப மட்டும் அவுக உம்மாவுக்குப் பயந்து வலது கையாம்."

ஹானி கட்டைகளை வாங்கினார். இரண்டையும் சேர்த்து, பழக்கமில்லாத இடது கையில் பிடித்தார். கட்டைவிரல் குழிக்குள் இறங்கியது. விரலை அங்கேயே வைத்திருந்தார்.

"புதுக் கட்டை?" என்றார் கௌஸ்.

"கலாஸ்," என்று வேண்டாமெனக் கையசைத்தார் ஹானி.

அவர்கள் போனபின் சேதுபதி அடுத்த வேலையை இழுத்தான். ஒரு நாற்காலி. அதன் கைப்பிடியில் விரல் ஒரு பள்ளத்தில் நின்றது. பட்டி டப்பாவைத் திறந்தவன் மறுபடி மூடினான்.

"மாமா, இதுல யாரு உக்காருவாகன்னு கேட்டீகளா?"