தனித் தட்டு

மறைமலைநகர் கம்பெனியில் தாமோதரனின் டம்ளரை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அன்று முழுக்க அவர் புலம்பலைக் கேட்டாக வேண்டும். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். டீயையும் அப்படியே ஊற்றிக்கொள்ளப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டவர். வீட்டில் மனைவி தெய்வநாயகி குழம்புக்கு உப்புப் பார்க்க வேண்டுமானால் உள்ளங்கையில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். மற்றபடி தங்கமான மனிதர். எச்சில் விஷயத்தில் மட்டும் உடும்புப் பிடி.

செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் மைதீன் இதையெல்லாம் கேலி செய்வான். ஒரே ஒரு தடவை செய்யவில்லை. புதுப்பட்டினத்தில் அவன் கல்யாணம். அங்கே பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவது வழக்கம், சஹன் என்பார்கள். மாப்பிள்ளை தன் சஹனிலேயே தாமோதரனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

தாமோதரன் உட்காரவில்லை. "எனக்குத் தனியா ஒரு தட்டு குடுத்துடு மைதீனு" என்றார். மாப்பிள்ளையே எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசியதில்லை.

2006-இல், ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு ஓர் ஆளை அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். போய் வந்தால் அசிஸ்டென்ட் மேனேஜர். இதை விட்டால் தாமோதரன் ரிட்டயர் ஆகும்வரை சூப்பர்வைசர்தான். ஹிராயமா என்ற ஜப்பான் மேனேஜர் அவரையும் மைதீனையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை மதியம், தம் ஊர்க்காரர்களுக்காக ஜி.எஸ்.டி. ரோட்டில் திறந்திருந்த சின்ன ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டில் முகம் சுளிக்கிறவன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று கேன்டீனில் ஏற்கெனவே பேச்சு.

மேஜை நடுவே அடுப்பு, அதன்மேல் கொதிக்கிற சட்டி. எல்லோருக்கும் அது ஒன்றுதான். மைதீன் கூச்சப்படாமல், தான் பன்றிக்கறியும் மதுவும் தொடுவதில்லை என்று சொன்னான். உனக்காக முன்பே சொல்லிவிட்டேன், வெறும் மீனும் காயும்தான் என்றார் ஹிராயமா. தாமோதரனுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. உங்கள் எச்சில் எனக்கு ஆகாது என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

ஹிராயமா வாயிலிருந்து எடுத்த சாப்பாட்டுக் குச்சியைச் சட்டியில் விட்டு, ஒரு மீன் துண்டை எடுத்துத் தாமோதரனின் கிண்ணத்தில் வைத்தார். தாமோதரன் தின்றார். பிறகு தம் குச்சியையும் சட்டிக்குள் விட்டார். மறுபடியும் விட்டார். "வெரி டேஸ்டி சார்" என்றார். ருசி தெரிந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

நிமிர்ந்தபோது மைதீன் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. வெறுமனே பார்த்தான்.

"சாப்டு அண்ணாத்த, ஆறிடப் போவுது."

தாமோதரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பும் வழியில் மைதீன் எப்போதும்போலப் பேசிக்கொண்டு வந்தான். "தைக்கு அப்பால தங்கச்சிக்கு நிக்காஹ் வெச்சிக்கீது. அண்ணியோட வந்துடு அண்ணாத்த. உனக்குத் தனித் தட்டு சொல்லி வெச்சிடறேன்."

குத்திக் காட்டுகிற குரலாக இருந்திருந்தால் தேவலை. சீட்டுப் பிடித்து வைக்கிற மாதிரிதான் சொன்னான். வேண்டாம், இந்த வாட்டி உன் சஹன்லயே உக்கார்றேன் என்ற வார்த்தை தாமோதரனுக்குத் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்தப் பழைய கல்யாணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

"செரி" என்றார்.

ஜப்பான் அவருக்கே கிடைத்தது. நிக்காஹ் அன்று அவர் அங்கேதான் இருந்தார். தெய்வநாயகி மட்டும் போய் வந்து போன் செய்தாள்.

"மைதீன் சம்சாரம் சுராயா என்னைத் தன் சஹன்லயே உக்கார வெச்சிட்டாங்க. நல்லா சாப்ட்டேன். நீங்க ஊர்ல இல்லன்னு தெரிஞ்சும் உங்களுக்குன்னு ஒரு தட்டு தனியா எடுத்து வெச்சிருந்தாங்க, பாவம்."

தாமோதரன் அப்போதுதான் ஆறு பேரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியிருந்தார்.

"அங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க?" என்றாள். "உங்களுக்குத் தனியாக் குடுக்கறாங்க இல்ல?"

"குடுக்கறாங்க" என்றார் தாமோதரன்.