பர்வின் அழித்த மனு

பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பர்வின் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். நான்கு கம்ப்யூட்டர்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கணவர் மூஸா சவுதியில் தம்மாமுக்குப் போகுமுன் வாங்கிப் போட்டுவிட்டுப் போனவை. அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் யூபிஎஸ் ஐந்து நிமிஷம் தாங்கும். அதற்குள் நான்கையும் ஷட் டவுன் செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மட்டும் அணையாமல் நிற்கும். உள்ளே ஓடுகிற புரோகிராம் மூட மறுக்கும். அது பதில் தரவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வரும். அதில் 'எண்ட் நவ்' என்பதை அழுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பர்வின் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம் மங்களாம்பிகை என்ற அம்மாள் வந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவள். மகன் பிரபு சவுதிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டு மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை. தூதரகத்துக்கு மனு எழுத வேண்டும் என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல பர்வின் தமிழில் டைப் அடித்தாள். மகனின் பாஸ்போர்ட் விவரம், ஏஜெண்ட் பெயர் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன. பிறகுதான் அந்த அம்மாள் பேசத் தொடங்கினாள். நெல் அவித்த கொப்பரையில் இடறி விழுந்து அவன் இடது முழங்கையில் ஏற்பட்ட தழும்பு, பதற்றத்தில் அவனுக்குத் திக்கும் என்பது, இருட்டென்றால் பயப்படுவான் என்பது. கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவன் போகமாட்டேன்னுதான் அழுதான். நாந்தான் பிடிச்சுத் தள்ளுனேன். இதையும் எழுதும்மா."

பர்வின் எழுதினாள்.

அப்போது கரண்ட் போயிற்று. பிரிண்டர் யூபிஎஸ்ஸில் ஓடாது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மங்களாம்பிகை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. மூன்று மெஷின்கள் அணைந்தன. நான்காவதில் வழக்கமான பெட்டி வந்தது. பர்வின் வழக்கம்போல அழுத்தினாள்.

மறுநாள் காலையில் ஃபைலைத் திறந்தபோது முகவரியும் பாஸ்போர்ட் விவரமும் மட்டும் இருந்தன. நடுவில் ஒரு முறை சேவ் செய்ததோடு சரி. முந்தின நாள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் 'சேவ் செய்யட்டுமா' என்று கேட்கும் இன்னொரு பெட்டி மறைந்து நின்றிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நினைவிலிருந்து தானே அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. வித்தியாசம் தெரியவே தெரியாது. நாலு வரி அடித்தாள். அதற்குமேல் விரல் ஓடவில்லை. மங்களாம்பிகை வந்ததும் நடந்ததைச் சொன்னாள். தன் தப்புதான் என்றாள்.

மங்களாம்பிகை திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தழும்பைச் சொன்னாள், திக்குவாயைச் சொன்னாள். அதோடு நிறுத்திவிட்டாள். நேற்று கடைசியில் சொன்னதையும் சேர்க்கட்டுமா என்று பர்வின் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிட்டேன். திரும்பச் சொல்லத் தெம்பு இல்ல."

இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்து, பிரிண்ட் எடுத்து, தானே தபாலாபீசுக்குப் போய் அனுப்பினாள் பர்வின்.

அந்த வாரமே யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாள். அதன்பின் எந்த மெஷின் அணைய மறுத்தாலும் 'கேன்சல்' கொடுத்துவிட்டு, பின்னால் என்ன திறந்திருக்கிறதென்று பார்ப்பாள். உட்கார்ந்து எழுதியவர் தெருவில் இறங்கியிருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மூடுவாள்.

வெள்ளிக்கிழமை மூஸா போன் செய்தார். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும் அவர் வைக்கப்போனார். பர்வின் வைக்கவிடவில்லை.

"நீங்க வந்துருங்க. அன்னைக்குப் போங்கன்னு சொன்னதும் நாந்தான். இப்ப வாங்கன்னு சொல்றேன்."

விசா முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

பங்குனியில் பிரபு ஊர் வந்து சேர்ந்தான். பாலைவனத்தில் ஓர் ஆட்டுப்பண்ணையில் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிவைத்துக்கொண்டு அவனை அடைத்து வைத்திருந்தார்களாம். தூதரகத்து ஆட்கள் முழங்கைத் தழும்பைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டார்களாம். இதையெல்லாம் மங்களாம்பிகைதான் வந்து சொன்னாள். பிரபு வாசலிலேயே நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான். யாரோடும் அதிகம் பேசுவதில்லை, பகலிலும் வீட்டில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்றாள். போகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினாள். அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை.

மூஸா அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார். மகள் அவரை அடையாளம் தெரியாமல் பர்வினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.