கழற்றி வைத்த கியர்பாக்ஸ்

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. நடந்தது சின்னவருக்கு. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தப் பொய்யும் இதில்தான் வருகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பீர்கள்.

பெரியவர், சின்னவர் என்று அண்ணன் தம்பி இருவர். இருவருக்கும் சேர்த்து ஒரு பழைய டிரக். உருண்டை முகப்பு, தவளைக் கண் விளக்குகள், நாலே கியர். அவர்கள் பிறக்கும் முன்பே சாலைக்கு வந்துவிட்ட வண்டி. பெரியவர்தான் ஓட்டுவார். கிளப்பும் முன் கியர்க் குமிழை இரண்டு தட்டுத் தட்டுவார், குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுப்பது போல. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். வண்டி சின்னவர் கைக்கு வந்தது.

ஊருக்கு வெளியே புதிதாக நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். நல்ல சரக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் இந்தக் கியர்பாக்ஸோடு அங்கே கொஞ்சம் வேகமெடுத்தால் எஞ்சின் அடிவயிற்றிலிருந்து அலறும். மெக்கானிக் ஒரு வழி சொன்னார். நட்டுகளை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் அவருக்கும் நட்டு என்றே பெயர்.

“ஓவர்டிரைவ் வச்ச பாக்ஸ் ஒண்ணு வந்திருக்கு சின்னவரே. அஞ்சாவது கியர் போட்டீங்கன்னா சக்கரம் பறக்கும், எஞ்சின் தூங்கும். மாத்திடுவோமா?”

“மலைப்பாதையில இழுக்குமா?”

“இனிமே அந்தப் பாதைக்கு நீங்க ஏன் போகணும்?”

அங்கேதான் சின்னவருக்கு இடித்தது. மலைமேல் இருக்கும் சில வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் கொண்டுபோவது இந்த வண்டி ஒன்றுதான். கியர் மாறினால் பாதை மாறும். மேலே இருப்பவர்கள் நடக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உறுத்தியது. ஐந்து மாதமாக யாரோ இரவில் வண்டியை எடுக்கிறார்கள். டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் டீசல் குறைந்திருக்கும். விடிகாலையில் பானெட்டைத் தொட்டால் சூடு. டிரைவர் சீட்டு பின்னால் தள்ளியிருக்கும். சின்னவர் கட்டை. ஓட்டியவன் நெட்டை. பக்கத்துச் சீட்டில் வெள்ளையாக ஏதோ பொடி, மாவு மாதிரி.

வண்டிக்கு இன்னொரு சாவி நட்டுவிடம் இருந்தது. நட்டு நல்ல நெட்டை.

இனிமேல் அந்தப் பாதைக்கு ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்டதற்குக்கூட இப்போது வேறு அர்த்தம் தெரிந்தது. சந்தேகம் வந்துவிட்டால் மனிதன் சிரித்தாலும் குற்றமாகத்தான் படும். சின்னவர் ஒரு கணக்குப் போட்டார். கியர்பாக்ஸ் இல்லாத வண்டியை எந்தத் திருடன் ஓட்டுவான்?

“கழட்டு. ராத்திரி யோசிச்சிட்டு காலையில சொல்றேன். நான் இங்கேயே படுத்துக்கறேன்.”

நட்டு வாயிலிருந்த நட்டுகளைத் துப்பினார். “ஏன், வீட்ல தூக்கம் வராதா? இங்க என்ன மெத்தையா போட்டிருக்கு?”

சாயங்காலத்துக்குள் நட்டுவின் ஷெட்டில் வண்டி மரக்கட்டைகள்மேல் ஏறி நின்றது. வயிறு காலி. புதுக் கியர்பாக்ஸ் தரையில். பழையது இரும்பு ஸ்டாண்டின் மேல், கியர்க் கம்பியும் குமிழுமாக, தலை தூக்கிய வாத்து போல.

அண்ணி போன் செய்தார்.

“சாப்டியா தம்பி?”

“சாப்டேன் அண்ணி.” சாப்பிடவில்லை. மனசு சரியில்லாதபோது அவருக்கு இறங்காது.

“என்ன முடிவு பண்ணே?”

“இன்னும் இல்ல.”

“மாத்தறதுன்னா மாத்திக்கோ. அந்தக் குமிழை மட்டும் எனக்குக் கொண்டுவந்துடு. அவர் உள்ளங்கை பட்டுத் தேஞ்சிருக்கு அது.”

இரவு சின்னவர் ஷெட்டின் ஷட்டரை இறக்கி உள்பக்கமாகப் பூட்டினார். சாவி சட்டைப் பையில். நட்டு ஒரு பலகையில் படுத்து, படுத்த வேகத்தில் குறட்டை விட்டார். சின்னவர் ஸ்டூலைச் சுவரோடு போட்டு, நட்டுவையும் வண்டியையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு ஐம்பது.

டக்... டக்.

எலி என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தார். எலி இல்லை.

நியூட்ரலில் நின்ற கியர்க் கம்பி முதல் கியரில் இருந்தது.

“நட்டு... விளையாடாதே.”

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.

க்ளக். நியூட்ரல். அரை மூச்சு. க்ளக். இரண்டு.

அந்தப் பழைய பாக்ஸுக்கு இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். நடுவில் அரை மூச்சு விட வேண்டும். அந்த அரை மூச்சை விட்டுத்தான் கம்பி நகர்ந்தது. கீழே கிளட்ச் இல்லை. மிதிக்கக் கால் இல்லை.

மூன்று... நான்கு.

நான்கில் வெகுநேரம் நின்றது. லேசாக நடுங்கிக்கொண்டே. எஞ்சின் ஓடும்போது நடுங்குமே, அப்படி.

சின்னவர் டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும், கியரை வைத்தே வண்டி எந்த இடத்தில் போகிறது என்று சொல்லிவிடுவார். இவ்வளவு நீளமான நாலாவது கியர் அந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான். வீட்டைத் தாண்டி, மரக்கிடங்கு நேர்சாலை.

மூன்று. இரண்டு.

குறுகலான பாலம்.

நியூட்ரல்.

பாலத்தைத் தாண்டி ஏன் நிற்கிறது? அங்கே யாரும் நிற்பதில்லையே...

தப்.

வண்டிக் கதவு சாத்தும் சத்தம். கட்டைகள்மேல் நின்ற அவருடைய வண்டியிலிருந்து. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டக்... டக். முதல் கியர். இரண்டு.

இப்போது ஏற்றம். முதல் வளைவு. இரண்டாவது வளைவில் சின்னவர் உறுமவிட்டு இரண்டிலேயே ஏற்றிவிடுவார். வண்டி பாவம் என்று, முதல் கியருக்கு இறக்கி ஏற்றுகிறவர் ஒருவர்தான்.

கம்பி முதல் கியருக்கு இறங்கியது.

“அண்ணே...”

மூன்றாவது வளைவு. நியூட்ரல்.

தப்.

பிறகு எதுவும் நகரவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ எழுந்து குமிழைத் தொட்டார்.

சூடு. இப்போதுதான் கையை எடுத்தது போல.

ஷட்டர் இடுக்கில் வெளிச்சம் தெரிந்ததும் வண்டிக் கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டு பின்னால் தள்ளியிருந்தது. பக்கத்துச் சீட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை உள்ளங்கைத் தடம், சின்னது. நடுவில் காகிதத்தில் சுற்றிய ஒரு பன்.

பன்னில் இன்னும் சூடு இருந்தது.

ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி. சாவி பையில்.

நட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். “பன் வாங்கவா போனீங்க? எனக்கு ஒண்ணு வாங்கத் தோணலையா?”

சின்னவர் நட்டுவின் பைக்கை எடுத்தார். மரக்கிடங்கு. பாலம். பாலத்தைத் தாண்டியதும் ரொட்டி வாசனை. ஒரு பேக்கரியின் பின்வாசல். இரவில் மட்டும் திறந்திருப்பதால் அவர் பார்த்ததே இல்லை. அங்கிருந்து ஏற்றம். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது.

அங்கே ஒரு வீடு. பகலெல்லாம் கதவு ஜன்னல் சாத்திக் கிடப்பதால், ஆளில்லாத வீடு என்று நினைத்திருந்தார். வாசலில் ஒரு பெண் கை கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக ஓடியது.

“யாரு... ஓ, டிரக்குக்காரரோட தம்பியா? அதே மூக்கு!”

“அவரைத் தெரியுமா?”

“தெரியாம? பேக்கரியில எனக்கு ராத்திரி வேலை. முடிஞ்சு வெளிய வந்தா வண்டியோட நிப்பாரு. மனுஷனைக் காக்க வைக்கக் கூடாதுன்னு கையைக்கூடக் கழுவாம ஓடிவருவேன். இங்க இறக்கி விட்டுட்டுப் போவாரு. காசு வாங்க மாட்டாரு. பேசவும் மாட்டாரு.”

சின்னவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அண்ணன் அப்படிப்பட்டவர்தான். செய்ததை வெளியே சொல்ல மாட்டார். இவள் பழைய கதையைச் சொல்கிறாள்.

“எவ்வளவு நாளா?”

“நான் இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து. அஞ்சு மாசமாச்சு.”

ஐந்து மாதம்.

பெரியவர் போய் எட்டு.

“நேத்து ராத்திரி...?”

“வந்தாரே. ஆனா நேத்து மட்டும் வண்டி சத்தமே போடல.”

அவர் அவளிடம் எதையும் விளக்கவில்லை. “இனிமே நான் வரேன்மா” என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் நட்டு கேட்டார். “சொல்லுங்க, எதை மாட்டறது?”

“பழசை.”

“அப்ப நெடுஞ்சாலை?”

“அங்க ஓட ஆயிரம் வண்டி இருக்கு. மேல போறது இது ஒண்ணுதான்.” கொஞ்சம் தயங்கினார். “உன்னை சந்தேகப்பட்டேன் நட்டு. மன்னிச்சிடு.”

“தெரியும். மெத்தை இல்லாத இடத்துல எவன் வந்து படுப்பான்?”

அன்றிலிருந்து டீசல் குறைவதில்லை. சீட்டு பின்னால் போவதில்லை. விடியும் முன் பேக்கரி வாசலில் சின்னவர் நிற்கிறார். இரண்டாவது வளைவை முதல் கியரில்தான் ஏற்றுகிறார். ஒரு சின்ன உதவியை நம்பி ஒரு உயிர் இருட்டில் காத்திருந்தால், அதை ஆண்டவன் பாதியில் விடமாட்டார் என்பது என் நம்பிக்கை. ஆனால் அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் முதுகு சில்லிடுகிறது.

சின்னவர் பைக்கைக் கிளப்பும்போது அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாளாம்.

“பன்னைச் சாப்டீங்களா? தினமும் அவருக்குன்னு ஒண்ணு கொண்டுவருவேன், வாங்கவே மாட்டாரு. நேத்துதான் முதல் தடவையா வாயைத் திறந்தாரு. ‘சீட்டுல வச்சிட்டுப் போம்மா. என் தம்பி அங்க முழிச்சிட்டு உக்காந்திருக்கான். சாப்டேன்னு அவங்க அண்ணிகிட்ட பொய் சொல்லிட்டான்’னாரு.”