கேக் அக்காவின் பயோடேட்டா

பேசிக்கொண்டிருக்கும்போதே கேக் அக்காவின் வலக்கை மேசைமேல் எதையாவது பிழிந்துகொண்டிருக்கும். ஒரு பூ, இரண்டு இலை, ஒரு சுழி. கையில் கிரீம் பை இல்லை என்பது கைக்குத் தெரியாது. "நிப்பாட்டினா எனக்குப் பேச்சு வராது தம்பி" என்பார்.

பேக்கரியில் கேக்குகளை அலங்கரிப்பவர், எனக்கு எதிர்வீடு. விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆர்டர் இன்னும் அதிகம். மகள் எழுந்து பள்ளிக்குக் கிளம்புவதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது பொய்ப்பல் செய்யும் ஓரிடத்தில் ஆள் எடுக்கிறார்களாம், விடிந்த பிறகு போனால் போதுமாம். "பூ செய்றவளுக்குப் பல்லு செய்ய வராதா?" என்று கேட்டுக்கொண்டே என் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார்.

கையால் எழுதிய பயோடேட்டா ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். தாளின் நட்டநடுவே, வளைவு நெளிவோடு, பெரிதாக ஒரு பெயர். அது அந்தப் பல் முதலாளியின் பெயர்! அக்காவின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம்.

"இது யாரோட பயோடேட்டாக்கா?"

"வாங்குறவங்க பேரைத்தானே தம்பி போடுவோம்? கேக்குல செஞ்சவ பேரை யாரு போடுவா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் தட்டச்சுக்கு உட்கார்ந்தேன்.

"என்னென்ன செய்யத் தெரியும்?"

"ரோசாப்பூ, வீடு, காரு, கால்பந்து மைதானம். ஒருதடவை குதிரை கேட்டாங்க, கழுதைதான் வந்துச்சு. அதைப் போட்றாதீங்க."

"இந்த வேலை ஏன் வேணும்னு கேட்டா?"

கை நின்றது. "புள்ள கண்ணு முழிக்கும்போது நான் வீட்டுல இருக்கணும். வேற ஒண்ணுமில்ல."

அதை மெருகேற்றாமல் அப்படியே அடித்துக்கொடுத்தேன்.

நேர்காணலில் மெழுகைக் கொடுத்து ஒரு கடைவாய்ப்பல் செய்யச் சொன்னார்களாம். செய்து முடித்த ஜோரில், பழக்கதோஷம், கட்டைவிரலை நக்கிவிட்டார். "த்தூ, மெழுகு! முதலாளி சிரிச்ச சிரிப்பு இருக்கே! சிரிச்சுக்கிட்டே எப்ப வேலைக்கு வர்றீங்கன்னு கேட்டுட்டாரு."

புது வேலையின் முதல் நாள், எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். வழக்கம்போல் அப்பா பின்னிவிட்ட சடை, குறைசொல்ல ஒன்றுமில்லை. அக்கா அதில் கை வைத்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு, நேரமாச்சு" என்றாள் பெண்.

அக்கா ரிப்பனை உருவினார். சடையை அடிவரை அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தார்.