ஜவ்பருக்கு லீவு

உதுமான் மாமா கணினியில் உணவக விளையாட்டைத் திறந்தால், ஆட்களைச் சமையலுக்கும் பரிமாறவும் பிரிக்குமுன் ஒருவருக்கு லீவு கொடுப்பார். பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்த அன்றும் அப்படித்தான். அந்த ஆளுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஜவ்பர். சாய்ந்தமருதுக் கடற்கரையில் மாமாவின் ஹோட்டலில் வேலைக்கு நின்றபோது சுனாமியில் மௌத்தானவர்.

“லீவுலயே இரிக்கிற ஆளுக்கு எதுக்கு மாமா சம்பளம்? கடை நட்டத்தில போகுது.”

“போகட்டும் மருமகன். சுனாமி அண்டைக்கு லீவு கேட்டவன். நான்தான் குடுக்கல்ல.”

ஜவ்பரின் மனைவி றிஸானா ராத்தா இன்றும் சொல்வார்: “லீவு கேளுங்க எண்டு சொன்னன். அவருதான் கேக்கல்ல.”

ஜவ்பர் லீவு கேட்டார் என்று ராத்தாவிடம் சொல்லாமலே மாமா போன வருடம் மௌத்தானார். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். ஆனாலும் ராத்தாவைக் கண்டால் எனக்கும் சலாமுக்கு மேல் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.